‘இழை’ யாருடையது?

கேள்வி: தம்பியும் நானும் சேர்ந்து மரச்சாமான் தொழில் தொடங்கப்போகிறோம். நாற்காலி, அலமாரி, குழந்தைகளுக்கான மரப்பொம்மைகள். உளி பிடிப்பது அவன். கணக்கும் விற்பனையும் நான். ‘இழை’ என்று பெயர் முடிவு செய்தோம். நிறுவனப் பதிவாளர் அலுவலகம் ஏற்றுக்கொண்டது. இணைய முகவரியும் வாங்கியாகிவிட்டது. பெயர்ப்பலகைக்குச் சொல்லப்போகும் நேரத்தில், திரைச்சீலையும் மெத்தை உறையும் விற்கும் ஒரு நிறுவனம் இதே பெயரில் இருப்பதைக் கண்டோம். “அவர்கள் துணி, நாம் மரம், என்ன பிரச்சினை?” என்கிறான் தம்பி. எனக்குத் தூக்கம் போய்விட்டது. பேசாமல் அப்பாவின் பெயரையே வைத்துவிடலாமா?
– வாசகி ஒருவர்

பதில்: பெயர்ப்பலகையைக் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள். தூக்கத்தையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பலகைக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பே சந்தேகம் வந்ததே பெரிய ஆதாயம். எனக்கு அது பணம் கொடுத்த பிறகுதான் வந்தது. பல வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவரோடு சிறிய அச்சகம் தொடங்கி, தேடிப்பார்க்காமல் பெயர் வைத்து, லெட்டர்ஹெட் கட்டுக் கட்டாக அடித்து அடுக்கினேன். மூன்றாம் மாதம் வக்கீல் நோட்டீஸ் வந்தது. அந்தத் தாள்களின் பின்பக்கத்தில்தான் என் பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பழகினார்கள்.

பதிவாளர் ஏற்றுக்கொண்டார் என்கிறீர்கள். அவர் பார்ப்பது பெரும்பாலும் அவருடைய புத்தகத்தைத்தான். இதே பெயரிலோ மிக நெருங்கிய பெயரிலோ வேறொரு நிறுவனம் அதில் இருக்கிறதா என்பதே அவருடைய முதன்மையான கவலை. அந்தத் துணி நிறுவனத்தின் பதிவுப்பெயர் வேறாக இருக்கலாம். ‘இழை’ அவர்கள் பொருளின் மேல் ஒட்டும் பெயராக மட்டும் இருக்கலாம். அப்படியானால் அது பதிவாளரின் கண்ணில் படாமலே போகலாம். இணைய முகவரி விற்பவரோ இன்னும் தாராளமானவர்: காலியாக இருந்தால் யாருக்கும் கொடுப்பார். சந்தையில் ஒரு பெயரைப் பொருளின் மேல் போட்டு விற்கும் உரிமையைத் தருவது டிரேட்மார்க் சட்டம். அதற்குத் தனிப் பதிவேடு, தனி அலுவலகம். பல நாடுகளில், பதிவே செய்யாமல் நெடுநாள் பயன்படுத்தி நல்ல பெயர் எடுத்தவருக்கும் ஓரளவு உரிமை உண்டு. விவரங்கள் நாட்டுக்கு நாடு மாறும். அடிப்படை பெரும்பாலும் ஒன்றே.

இனி பெயருக்கு வருவோம். உங்கள் பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது. மரத்தை இழைப்பது என்ற நினைவும் வருகிறது, ஆனால் ‘நாற்காலி விற்பனை’ என்று பச்சையாகச் சொல்லவுமில்லை. சட்டத்துக்கும் இப்படிப்பட்ட பெயர்தான் பிடிக்கும். ‘தரமான மரச்சாமான்கள்’ என்று வைத்திருந்தால் வாடிக்கையாளருக்கு உடனே புரியும்; ஆனால் அதைத் தனக்கு மட்டும் சொந்தம் என்று யாரும் எளிதில் கொண்டாட முடியாது. பக்கத்துக் கடைக்காரரும் தம் பொருளைத் தரமான மரச்சாமான் என்று சொல்லத்தானே வேண்டும்? எதற்கும் பொருந்தாத, புதிதாக உருட்டிய சொல்தான் மிக வலுவானது. 1888-இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் தம் கேமராவுக்கு வைத்த ‘கோடாக்’ எந்த மொழியிலும் எந்தப் பொருளும் இல்லாத சொல். அடுத்த நிலையில், இருக்கும் சொல்லைச் சம்பந்தமில்லாத பொருளுக்கு வைப்பது. ஆப்பிள் என்பது பழ வியாபாரிக்குப் பெயரே ஆகாது. கம்ப்யூட்டருக்கு அருமையான பெயர்.

இதையே ‘இழை’க்குப் போட்டுப்பாருங்கள். நூல் விற்பவருக்கு அது பொருளின் பெயரேதான். மெத்தை உறை விற்பவருக்கு அவ்வளவு மோசமில்லை என்றாலும் துணியின் சாயல் பலமாக ஒட்டியிருக்கிறது. நாற்காலிக்கோ அது குறிப்பால் உணர்த்தும் சொல். பெயரின் வலு என்று பார்த்தால் அவர்களைவிட நீங்கள் ஒரு படி மேல். ஆனால் முந்தியவர்கள் அவர்கள்.

“அவர்கள் துணி, நாம் மரம்” என்ற தம்பியின் வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. டிரேட்மார்க் பதிவுக்காகப் பொருள்களையும் சேவைகளையும் ‘நீஸ் வகைப்பாடு’ என்ற சர்வதேசப் பட்டியல் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறது: பொருள்களுக்கு 34, சேவைகளுக்கு 11. மரச்சாமான்கள் 20-ஆம் வகுப்பு, பொம்மைகள் 28, துணியும் திரைச்சீலையும் 24. எண்கள் வேறுதான். ஆனால் இந்த வகுப்புகள் அலுவலகம் கோப்புகளை அடுக்குவதற்கான வசதி. எண் வேறாக இருப்பதாலேயே தப்பித்துவிட முடியாது. வாங்க வருபவர் குழம்புவாரா என்பதே சட்டத்தின் கேள்வி. சோபாவும் அதன் உறையும் ஒரே கடையில், ஒரே கூரையின் கீழ் விற்கின்றன. ‘இழை’ உறை வாங்கிப் பழகியவர் ‘இழை’ நாற்காலியைப் பார்த்தால், அவர்களே மரச்சாமானும் தொடங்கிவிட்டார்கள் என்று நினைக்க மாட்டாரா? நானாக இருந்தால் நினைப்பேன். மரப்பொம்மையில் ஆபத்து குறைவு; நாற்காலியில் அதிகம்.

இன்று விலகி நிற்கும் தொழில்கள் நாளை உரசிக்கொள்ளும் என்பதையும் தம்பியிடம் சொல்லுங்கள். பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஆப்பிள் நிறுவனமும் கம்ப்யூட்டர் ஆப்பிளும் 1981-இல் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன: கம்ப்யூட்டர்காரர் இசைத்தொழிலுக்குள் வரக்கூடாது. கம்ப்யூட்டர் பாடத் தொடங்கும் என்று அன்று யார் கண்டது? வழக்கு மேல் வழக்கு வந்து, 2007-இல்தான் அந்தச் சண்டை முடிந்தது. நீங்கள் நாளைக்கு மெத்தை வைத்த நாற்காலி செய்ய மாட்டீர்களா? அவர்கள் திரைச்சீலை மாட்டும் மரக்கம்பு விற்க மாட்டார்களா?

தேடும்போது நம் எழுத்தை நினைவில் வையுங்கள். ஒலி, தோற்றம், பொருள் மூன்றையுமே ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ழகரத்தை ஆங்கிலத்தில் ஒருவர் ஒரு மாதிரி எழுதுவார், இன்னொருவர் லகரமாகவே எழுதிவிடுவார். அப்போது ‘இழை’ பாதி வழியில் ‘இலை’ ஆகிவிடும். ‘இலை’ என்ற பெயரில் ஏற்கெனவே மரச்சாமான் விற்பவர் இருந்தால் அதுவும் உங்கள் பிரச்சினைதான். ஆகவே ழ, ல, ள மூன்றையும், அவற்றின் எல்லா ஆங்கில எழுத்துக்கூட்டல்களையும் தேடுங்கள். சொல்லின் மொழிபெயர்ப்பையும் விடாதீர்கள்; பிறமொழிச் சொல்லின் பொருளையும் சேர்த்துப் பார்க்கும் அலுவலகங்கள் உண்டு. உங்கள் நாட்டு டிரேட்மார்க் அலுவலகத்தின் பதிவேட்டில் தொடங்குங்கள். உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பு நடத்தும் ‘குளோபல் பிராண்ட் டேட்டாபேஸ்’ இலவசம். பல நாடுகளின் பதிவுகளை ஒரே இடத்தில் தேடலாம். பிறகு சாதாரண இணையத் தேடல், சமூக வலைத்தளங்கள். பதிவே செய்யாதவர்கள் அங்கேதான் அகப்படுவார்கள்.

அப்பாவின் பெயர்? ஆசை புரிகிறது. ஆனால் “எங்கள் அப்பா பெயர்தானே” என்பது எல்லா இடத்திலும் செல்லுபடியாகும் சீட்டு அல்ல. அதே பெயரில் அதே தொழிலில் ஒருவர் ஏற்கெனவே பேர்பெற்றிருந்தால், நேர்மையாக வைத்ததாகவே இருந்தாலும் நீதிமன்றம் கட்டுப்பாடு விதிக்கலாம். நாளைக்குத் தொழிலை விற்றால் அப்பாவின் பெயரும் கூடவே போகும். இரண்டாவதற்காகவே நான் வேண்டாம் என்பேன்.

என் யோசனை இது. ‘இழை’யை ஒற்றைச் சொல்லாக மரச்சாமானுக்கு வைக்காதீர்கள். பின்னால் ‘மரவேலையகம்’ என்று ஒரு வால் ஒட்டினால் தப்பிக்கலாம் என்றும் நம்பாதீர்கள். தொழிலைச் சொல்லும் வாலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, தலையைத்தான் பார்ப்பார்கள். மரமும் உளியும் தரும் சொற்களிலிருந்து இன்னும் மூன்று நான்கு பெயர்கள் எழுதி, மேலே சொன்னபடி தேடி, எஞ்சும் ஒன்றை டிரேட்மார்க் வக்கீலிடம் காட்டுங்கள். அவருடைய ஒரு மணி நேரக் கட்டணம் பெயர்ப்பலகையை மாற்றும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும். ‘இழை’யை விடவே மனமில்லை என்றால், அந்தத் துணி நிறுவனத்திடம் எழுத்தில் சம்மதம் கேட்கலாம். இரு தரப்பும் எல்லை பிரித்துக்கொண்டு ஒரே பெயரில் இருப்பதற்கு ஒப்பந்தம் போடுவது புதிதல்ல. ஆனால் அதையும் வக்கீல் மூலம் கேளுங்கள். நீங்களே அனுப்பும் அவசரக் கடிதம் பிறகு உங்களுக்கு எதிராகவே திரும்பக்கூடும்.

நீங்கள் கேட்காத ஒன்று. லோகோவை யாராவது வரைந்து தருவதாக இருந்தால், அதன் உரிமையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காசு கொடுத்ததாலேயே படம் உங்களுடையதாகிவிடாது என்பதே பல நாடுகளில் சட்டம். இணைய முகவரி யாருடைய கணக்கில் இருக்கிறது என்றும் பாருங்கள். டிரேட்மார்க் விண்ணப்பத்தில் உரிமையாளர் என்றொரு கட்டம் இருக்கும். அதில் நீங்களா, தம்பியா, நிறுவனமா என்பதை, இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.