ஓசூர்லேர்ந்து ஏற்காடு, 30 யூனிட் பேட்டரி: சார்ஜ் எங்க போடறது?

ஓசூர்லேர்ந்து ஒரு வாசகர் கேட்டிருக்காரு. 30 யூனிட் பேட்டரி நெக்ஸான் ஈவி வெச்சிருக்காராம், கோடை விழாவுக்கு குடும்பத்தோட ஏற்காட்டுல ரெண்டு நாள் தங்கற பிளான், மேல சார்ஜரை நம்பி போலாமான்னு.

தாராளமா போங்க சார், ஆனா மேல போய் சார்ஜர் தேடிக்கலாம்னு மட்டும் கிளம்பாதீங்க. சேலத்துலயே முடிச்சிட்டு ஏறுங்க. சீசன்ல மேல ஒரு கன் (வண்டில சொருகற சார்ஜர் முனை) கிடைச்சாலும் அதுக்கு முன்னாடி நாலு வண்டி நிக்கும், இல்ல கரண்ட் போயிருக்கும்.

கணக்கை பாருங்க. சேலம் கிட்டத்தட்ட 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500. ஆளுங்க, லக்கேஜோட வண்டி 1,800 கிலோன்னு வெச்சா, அதை 1,200 மீட்டர் தூக்கறதுக்கு மட்டுமே 6 யூனிட் போயிடும், ரோட்டுல ஓடறது ஏசி எல்லாம் சேர்த்தா 9, 10 யூனிட், அதாவது பேட்டரில மூணுல ஒரு பங்கு. 20 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது டிஸ்பிளேல ரேஞ்ச், அதாவது இன்னும் எவ்வளவு தூரம் ஓடும்ங்கறது, மடமடன்னு குறையும், வண்டி அப்போ இழுக்கற கரண்ட்டை வெச்சே கணக்கு போடுது, பயப்படாதீங்க. சேலத்துல 90% ஏத்திட்டு கிளம்பினா மேல 55, 60% இருக்கும், லேக், லேடீஸ் சீட், சேர்வராயன் கோயில்னு சுத்த அது போதும்.

சேலத்துல சார்ஜரை தேடறப்போ சார்ஜிங் ஆப்ல பச்சையா காட்டுதேன்னு போயிடாதீங்க. கடைசியா யாராவது எப்போ சார்ஜ் போட்டாங்கன்னு பாருங்க, முடிஞ்சா போன் பண்ணி கேளுங்க. ஒங்களுக்கு வேணுங்கறது சிசிஎஸ்2 கன், ஃபாஸ்ட் சார்ஜுக்கு ஒங்க வண்டில பொருந்தற வகை. 60 கிலோவாட்னு போர்டு இருந்தாலும் ரெண்டு வண்டி சொருகினா பல மெஷின்ல ஆளுக்கு 30 தான், சாப்பிட்டு வர்ற டைம்னு வெச்சுக்கோங்க. அந்த ஆப் வாலெட்ல முன்னாடியே காசு போட்டு வைங்க, மெஷின் முன்னாடி நின்னு ஓடிபி வரலன்னு புலம்பறவங்கள நெறைய பாத்திருக்கேன்.

மேல தங்கற எடத்துல புக் பண்றப்பவே 15 ஆம்ப் பிளக் பார்க்கிங் பக்கத்துல இருக்கான்னு கேட்டுடுங்க, கரண்டுக்கு தனியா காசு தர்றேன்னு நீங்களே சொல்லுங்க, அப்போதான் மூஞ்சி சுளிக்க மாட்டாங்க. ராத்திரி பத்து மணிக்கு போட்டா காலைல 20 யூனிட் கிட்ட ஏறிடும். பிளக்ல சொருகற ஒங்க சார்ஜர் பெட்டில சிவப்பு லைட் எரிஞ்சா பெரும்பாலும் எர்த் சரியில்ல, வேற பிளக் பாருங்க, எர்த்தை ஏமாத்தற வேலையெல்லாம் வேணாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேணவே வேணாம், மணிக்கணக்கா 15 ஆம்ப் இழுத்தா உருகிடும்.

இன்னொன்னு, மேல 100% ஏத்தாதீங்க. இறங்கறப்போ ரீஜென்ல, அதாவது மோட்டாரே வண்டிய இழுத்துப் புடிச்சு கரண்ட் ஆக்கறதுல, 2, 3 யூனிட் திரும்பி வரும், பேட்டரி ஃபுல்லா இருந்தா அதை வாங்க எடமில்ல, ரீஜென் கட்டாகி அவ்வளவு வளைவுக்கும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கணும், அது சூடாகிடும். 85ல நிறுத்திடுங்க.

ஓசூர்லேர்ந்து சேலம் வர்றப்போ தொப்பூர் இறக்கத்துல கொஞ்சம் மிச்சம் புடிச்சிருப்பீங்க, ஆனா திரும்பறப்போ கணக்கு மாறும் சார். ஓசூர் சேலத்தை விட 600 மீட்டர் உயரம், அதே தூரத்துக்கு 3 யூனிட்டாவது கூட செலவாகும், அதனால சேலத்துல நல்லா ஏத்திட்டு, கிருஷ்ணகிரில ஒரு பதினஞ்சு நிமிஷம் போட்டுட்டு கிளம்புங்க.