நிலம்பூர் தேக்குத் தோட்டம்: கேட்டீர்கள், சொல்கிறேன்

கேள்வி: கோவையிலிருந்து குடும்பத்தோடு கேரளத்து நிலம்பூர் போகிறோம் அண்ணா. எந்த வழி நல்லது?

பதில்: ரயில்தான் தம்பி. ஷொர்ணூரில் இறங்கி 'நிலம்பூர் ரோடு' நிலையத்துக்கு வண்டி பிடியுங்கள். 66 கி.மீ. கிளைப்பாதை, ஜன்னலோரம் கிடைத்தால் பாக்கியம். கூடலூர்ப் பக்கத்தவர்கள் நாடுகாணி மலைப்பாதையில் இறங்கி வழிக்கடவு வழியாக வரலாம்.

கேள்வி: உலகின் மிகப் பழைய தேக்குக் காடாமே?

பதில்: காடு என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். மனிதர் நட்ட தோட்டம் அது. 'கனோலி பிளாட்' என்று பெயர், மொத்தமே 2.31 ஹெக்டேர், ஆறு ஏக்கர்கூட வராது. 1840களில் நட்டதில் பெரும்பகுதியை வெட்டியாயிற்று, இது மிச்சம்.

கேள்வி: பெயர் கனோலிக்கு. நட்டவர் சாத்து மேனோன் என்கிறார்களே?

பதில்: சரியான கேள்வி. கப்பல் கட்ட ஆங்கிலேயருக்குத் தேக்கு வேண்டும். மலபார்க் காடுகளை வெட்டித் தீர்த்த பிறகுதான் நடுகிற யோசனையே வந்தது. உத்தரவு போட்டவர் கலெக்டர் கனோலி. ஆனால் விதை முளைக்கவில்லை! தேக்கங்காயைக் கையில் எடுத்துப் பாருங்கள்: மேலே கம்பளி மாதிரி ஒரு போர்வை, உள்ளே கல் போன்ற கொட்டை. நேரே மண்ணில் போட்டால் லேசில் வெடிக்காது. நாற்றங்காலில் முளைக்கவைத்து, மழை பிடித்ததும் பிடுங்கி நடும் முறையைக் கைவரச் செய்தவர் வன அதிகாரி சாத்து மேனோன். நெல் நாற்று நட்ட ஊர்க்காரருக்குத் தோன்றக்கூடிய யோசனைதானே! கனோலி 1855இல் கோழிக்கோட்டில் கொலையுண்டார். அதன் பிறகும் மேனோன் நட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கேட்டால் தோட்டத்துக்கு அவர் பெயர்தான் வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: பரம்பிக்குளம் கன்னிமாரா தேக்கைவிடப் பெரிய மரம் உண்டா?

பதில்: இல்லை. கன்னிமாரா தானாக வளர்ந்த காட்டு மரம், பல நூறு வயது. இரண்டையும் ஒப்பிடக் கூடாது.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. நடக்க முடியுமா?

பதில்: தோட்டம் சாலியாற்றுக்கு அக்கரையில். படங்களில் வரும் தொங்குபாலம் வெள்ளத்தில் அடிபட்டது, அதை நம்பிக் கிளம்பாதீர்கள். இப்போது எப்படிக் கடத்துகிறார்கள் என்று வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள். முடியாவிட்டால் கூடலூர் சாலையில் தேக்கு அருங்காட்சியகம் இருக்கிறது, அம்மாவுக்கு அதுவே போதும்.

கேள்வி: எந்த மாதம் போகலாம்?

பதில்: மாசி, பங்குனியில் வேண்டாம், இலை உதிர்ந்து மொட்டையாக நிற்கும். மழை ஓய்ந்து கார்த்திகை, மார்கழியில் போங்கள். கீழே கிடக்கும் இளந்தளிர் ஒன்றைக் கசக்கிப் பார்க்கச் சொல்லுங்கள் பிள்ளைகளை. விரலெல்லாம் மருதாணி வைத்த மாதிரி சிவக்கும்.