பெரியப்பாவுக்கு வாயு மாத்திரை சொன்ன நர்சிங் மாணவிக்கு

கேள்வி: மதுரையில் பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் உசிலம்பட்டி பக்கம். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனாலே சொந்தக்காரர்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். அத்தை பிளட் ரிப்போர்ட்டை நீட்டுகிறார். பக்கத்து வீட்டு அக்கா, குழந்தை காய்ச்சலுக்கு எத்தனை மில்லி சிரப் என்கிறார். மாமா முழங்கால் வலிக்கு ஊசி வாங்கி வைத்துக்கொண்டு போட்டுவிடச் சொல்கிறார். பெரியப்பாவுக்கு 58 வயது, 12 வருடமாகச் சர்க்கரை. இரண்டு வாரமாக மாடி ஏறினால் நெஞ்சில் ஏதோ அடைக்கிறதாம், உட்கார்ந்தால் போய்விடுகிறதாம். வாயுவாக இருக்கும் என்று, அமிலத்தைக் குறைக்கும் பேன்டோபிரசோல் மாத்திரையைச் சொன்னேன். இப்போது பரவாயில்லை என்கிறார். 'எனக்குத் தெரியாது' என்றால் 'அப்புறம் என்னத்தப் படிக்கிற?' என்று அப்பாவே கேட்கிறார். இவர்களை எப்படிச் சமாளிப்பது?

பதில்: சொந்தக்காரர்களைச் சமாளிப்பது அப்புறம். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது பெரியப்பாதான் என்பது கடிதத்தைப் படித்ததுமே தெரிகிறது. "இப்போது பரவாயில்லை என்கிறார்" என்பதை எனக்காக எழுதியதுபோலத் தெரியவில்லை, உங்களுக்கே சொல்லிக்கொண்டதுபோல இருக்கிறது. அதனால்தான் கடிதம் கிடைத்த அன்றே, 'அவரை இன்றைக்கே கூட்டிப்போய் ஈசிஜி எடுங்கள்' என்று தனியாகப் பதில் அனுப்பினேன். அந்த அவசரத்துக்கான காரணத்தை மற்றவர்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

வாயுவுக்கு மாடிப்படி தெரியாது. சாப்பாட்டுக்குப் பிறகு, குனியும்போது, படுத்ததும் எரிச்சல் மேலேறினால் அது பெரும்பாலும் இரைப்பை அமிலம். நடந்தால், படி ஏறினால், பாரம் தூக்கினால் நெஞ்சு பிடிக்கிறது, நின்றால் சில நிமிடத்தில் விட்டுவிடுகிறது என்றால், வேறு காரணம் உறுதியாகும்வரை அதை இதயமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கியிருந்தால், உட்கார்ந்திருக்கும்போது வருகிற ரத்தம் போதும். படி ஏறும்போது போதாது. அந்தப் பற்றாக்குறைதான் அடைப்பாகத் தெரிகிறது. இது பல வருடமாக ஒரே மாதிரி இருப்பது வேறு. இரண்டு வாரத்துக்குள் புதிதாக வந்திருக்கிறது என்றால், மாரடைப்புக்கு முந்தைய எச்சரிக்கையாகவே டாக்டர்கள் நாங்கள் பார்க்கிறோம்.

மாத்திரையில் குறைந்துவிட்டதே என்பீர்கள். அவரிடம் ஒன்று கேளுங்கள்: இந்த வாரம் மாடி ஏறினீர்களா? என் அனுபவத்தில் பாதிப் பேர் ஏறியிருக்க மாட்டார்கள். தண்ணீர்த் தொட்டி மோட்டாரைப் பேரன் பார்த்துக்கொள்கிறான், துணியைப் பெரியம்மா காயப்போடுகிறார், இவர் கீழேயே உட்கார்ந்து 'பரவாயில்லை' என்கிறார். அதற்காக இப்போது ஏறிக் காட்டச் சொல்லிவிடாதீர்கள்!

சர்க்கரை இருப்பது விஷயத்தை இன்னும் சிக்கலாக்குகிறது. பல வருடச் சர்க்கரையில் நரம்பு மழுங்கிப்போகும். சினிமாவில் வருவதுபோல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய மாட்டார்கள். 'கனமா இருக்கு', 'பிடிச்சாப்ல இருக்கு', 'மூச்சு வாங்குது', 'ஒரே அசதி' என்றுதான் சொல்வார்கள். தாடை வலிக்கிறது என்று பல் டாக்டரிடம் போனவர்களும் உண்டு. வயிற்றின் மேல்பக்கம் எரிந்தாலும் இதயமாக இருக்கலாம். எல்லோரும் வாயு என்று ஏமாறுவது அங்கேதான்.

ஈசிஜி நார்மல் என்று வந்தாலும் வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். வலி இல்லாத நேரத்தில் எடுத்த ஈசிஜி ஒழுங்காக இருப்பது சாதாரணம். டாக்டரிடம் 'மாடி ஏறினால் வருகிறது, நின்றால் போகிறது, சர்க்கரை இருக்கிறது' என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். எக்கோ, டிரெட்மில், ரத்தப் பரிசோதனை எல்லாம் எது எப்போது என்பதை அவர் முடிவு செய்வார்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அந்த அடைப்பு வந்து பத்து, பதினைந்து நிமிடமாகியும் விடவில்லை, அல்லது கூடவே குப்பென்று வியர்க்கிறது என்றால் அப்பாயின்ட்மென்ட், நல்ல நேரம் எதுவும் பார்க்க வேண்டாம். உடனே 108. பைக்கின் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போகக் கூடாது. சோடா, ஓமத் தண்ணீர் என்று அரை மணி நேரத்தை வீணாக்கவும் கூடாது. ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்காவது காரில் போங்கள். 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் அங்கேயே முதல் வேளை மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். செலவை நினைத்துத் திண்ணையில் உட்கார்ந்து யோசிக்கும் நேரத்தில்தான் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும்.

உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் அந்த வீடியோ சுற்றிக்கொண்டுதான் இருக்கும்: மாரடைப்பு வந்தால் பலமாக இருமிக்கொண்டே இருந்தால் தப்பிக்கலாமாம். முடியாது. ரத்தக்குழாயை விரிக்கும் சார்பிட்ரேட் மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நெஞ்சு வலி என்றதும் யார் நாக்குக்கு அடியிலும் வைக்கலாம் என்பது இன்னொன்று. ரத்த அழுத்தம் ஏற்கெனவே இறங்கியிருப்பவருக்கு அதைக் கொடுத்தால் அங்கேயே சுருண்டு விழுவார். இதையெல்லாம் ஃபார்வர்டு செய்கிறவர்களுக்கு 108-ஐ அழுத்த மட்டும் கை வருவதில்லை.

சரி, இனி உங்கள் விஷயம். நீங்கள் சொன்னதைத்தான் அந்தத் தெருவில் யாரும் சொல்லியிருப்பார்கள். மருந்துக்கடைக்காரரும் அதே பட்டையைத்தான் கிழித்துக் கொடுத்திருப்பார். குற்றம் செய்துவிட்டதாக அழ வேண்டாம். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. தெருக்காரர் சொன்னால் பெரியப்பா பாதிதான் நம்புவார். 'நர்சிங் படிக்கிற பிள்ளையே சொல்லிருச்சு' என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகும் எண்ணத்தையே விட்டுவிடுவார். ஆகவே உங்கள் வாயிலிருந்து வரவே கூடாதது 'ஒண்ணும் இல்லை' என்பதுதான். தொட்டுப் பார்த்துப் பரிசோதிக்காத எவரும் அதைச் சொல்லக் கூடாது, போனில் கேட்கும் நான் உட்பட.

என்ன வியாதி என்று சொல்வது உங்கள் வேலை இல்லை. எவ்வளவு சீக்கிரம் போக வேண்டும் என்று சொல்ல உங்களால் முடியும், அதற்கு இரண்டாம் ஆண்டுப் படிப்பே போதும். வார்டில் நோயாளியிடம் கேட்கக் கற்றுக்கொடுத்திருப்பார்களே, அதையே கேளுங்கள்: எப்போது ஆரம்பித்தது, எது செய்தால் கூடுகிறது, எது செய்தால் குறைகிறது, வேறெங்காவது பரவுகிறதா, வியர்க்கிறதா. பதிலை ஒரு தாளில் எழுதி, சாப்பிடும் மாத்திரைப் பட்டைகளையும் ஒரு பையில் போட்டு, 'பெரியப்பா, இது என்னன்னு எனக்குத் தெரியாது. ஆனா தள்ளிப்போடுற விஷயம் இல்லை. கிளம்புங்க, நானும் வர்றேன்' என்று சொல்லுங்கள். கூட்டம் நிறைந்த ஓபியில் அந்தத் தாளோடு வருகிறவரைப் பார்த்தால் எந்த டாக்டருக்கும் சந்தோஷம்தான்.

அப்பா 'என்னத்தப் படிக்கிற' என்றால், 'டாக்டர் எழுதாம வார்டுல ஒரு மாத்திரைகூடக் கொடுக்கக் கூடாதுன்னுதான்பா முதல்ல சொல்லிக்கொடுத்தாங்க' என்று சொல்லுங்கள். அதுதானே உண்மை.

மற்றவை. அத்தையின் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் இருப்பதெல்லாம் ஆபத்து என்று அர்த்தமில்லை; இயல்பு அளவுக்கு ஒரு புள்ளி மேலே போனாலும் லேப் கம்ப்யூட்டர் அப்படித்தான் அச்சிடும். பரிசோதனை எழுதிக் கொடுத்த டாக்டரிடமே காட்டச் சொல்லுங்கள், கூகுளிடம் வேண்டாம்.

குழந்தை சிரப்பில் மட்டும் விளையாடாதீர்கள். 'அஞ்சு மில்லி கொடுங்கக்கா' என்று மதில் மேல் நின்று சொல்லவே கூடாது. பாராசிட்டமால் சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. சொட்டு மருந்தில் ஒரே மில்லியில் 100 இருக்கும். கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று கணக்கிட்டால், பத்துக் கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150. அது ஒரு பாட்டிலில் ஆறு மில்லி, இன்னொன்றில் மூன்று, சொட்டு மருந்தில் ஒன்றரை. அக்கா கையில் எந்த பாட்டில் என்று உங்களுக்குத் தெரியாது. பாட்டிலையும் குழந்தையின் எடையையும் வைத்துக்கொண்டு டாக்டரிடம் கேட்கட்டும். அரசின் மருத்துவ ஆலோசனை எண்ணான 104-க்குப் போன் செய்தும் கேட்கலாம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் சிரப் பேச்சே வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி.

மாமாவின் ஊசிக்குப் பதில்: முடியாது. படிப்பு முடிந்து நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தபிறகு கேட்டாலும், டாக்டர் சீட்டு இல்லாமல் வீட்டுக் கட்டிலில் வைத்துப் போட முடியாது. வலி ஊசியில் ஒவ்வாமை வந்தால் மூச்சுக்குழல் அடைக்க நிமிடங்கள் போதும்; அப்போது உயிர்காக்கப் போடும் அட்ரினலின் ஊசி உங்கள் வீட்டில் இல்லை. இடம் தவறிக் குத்தினால் கால் நரம்பு போகும். பிரஷர் பார்க்கச் சொன்னால் தாராளமாகப் பாருங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஊசி மருந்தை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். பணம் திரும்பாது என்று மாமா முறைப்பார். முறைக்கட்டும்.