மறு: மேடையில் ஏறினால் வடிவேலு குரல்தான் வருகிறது

வணக்கம் நண்பரே. சொந்தமாக எழுதிய வசனத்தைப் பேசியும் "அப்படியே வடிவேலு" என்று சொல்லிவிட்டார்கள், தனிப் பாணி எப்படி வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். வசனத்தை மாற்றி மாற்றி எழுதி இது தீராது.

சாப்ளினைப் பாருங்கள். லண்டனில் வறுமையில் கிடந்த நாட்களில் அவருடைய தாய் ஹன்னா ஜன்னலோரம் நின்று தெருவில் போகிறவர்களை நடித்துக் காட்டுவாராம். மனிதர்களைக் கவனிக்கக் கற்றது அவரிடம்தான் என்று சாப்ளினே சொல்லியிருக்கிறார். 1914இல் திரைக்கு வந்த அவருடைய நாடோடிப் பாத்திரத்தின் நடைகூட, மதுக்கடை வாசலில் குதிரைகளைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு கிழவரிடம் சிறுவயதில் பார்த்தது என்பார்.

ஆகவே நகைச்சுவைக் காட்சிகளைக் கொஞ்ச காலம் மூடி வைத்துவிட்டு, ஒரு வங்கியில் போய் உட்காருங்கள். பேனா இரவல் கொடுப்பவர் மூடியைத் தன் கையிலேயே வைத்துக்கொள்வார். படிவம் நிரம்பும்வரை அவர் கண் பேனாவை விட்டு நகராது. வாங்கியவரோ எழுதிவிட்டுப் பழக்கதோஷத்தில் தன் சட்டைப் பையில் செருகிக்கொள்வார். கேட்கவும் முடியாமல் விடவும் முடியாமல் கொடுத்தவர் தொண்டையைச் செருமுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். "கஞ்சன்" என்று எழுதாதீர்கள், அந்தச் சொல் எல்லோரிடமும் இருக்கிறது. மூடியை எந்த விரல்களில் உருட்டினார் என்று எழுதுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் வாய் திறக்காமல், உடம்பால் மட்டும் நடித்துப் பாருங்கள். வாயைத் திறந்தால் வடிவேலு உள்ளே நுழைந்துவிடுவார், அவர் அப்பேர்ப்பட்ட ஆள்! அசைவு பிடிபட்ட பிறகு பேச்சைச் சேர்த்துக்கொள்ளலாம்.