மூன்றாம் தடவையா, பூச்சிப் படிப்பா? முள்ளியவளைத் தந்தை ஒருவருக்கு

ஐயா, நீங்கள் கேட்டவை இரண்டு. மருத்துவத்துக்காக மகளை மூன்றாம் தடவையும் உயர்தரம் எழுத வைக்கலாமா? கிடைத்திருக்கும் உயிரியல் விஞ்ஞானத்துக்குப் போய், பூச்சியின் டிஎன்ஏக்குள் தாவித் திரியும் துண்டுகளை ஆராயப் போகிறேன் என்கிறாளே, அதால் சோறு கிடைக்குமா?

முதலாவதுக்கு என் பதில்: வேண்டாம். இரண்டாம் தடவையும் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி பெரிதாக ஏறாத பிள்ளைக்கு இன்னொரு வருட ரியூசன் மருத்துவபீடத்தைத் தந்ததை நான் அரிதாகத்தான் கண்டிருக்கிறேன்.

இரண்டாவதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பிள்ளை சொல்வது விளையாட்டுக் கதை இல்லை. டிஎன்ஏயில் இடம் மாறும் துண்டுகளை 1940களில் சோளத்தில் கண்டவர் பார்பரா மக்ளின்டொக். நோபல் பரிசு கிடைத்தது 1983இல்தான். இவற்றில் முதலாம் வகுப்பு, ஆர்என்ஏயாகப் பிரதியாகி, திரும்ப டிஎன்ஏயாக மாறி வேறிடத்தில் செருகிக்கொள்ளும். பழையது இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டாம் வகுப்பில் பெரும்பாலானவை இருந்த இடத்திலிருந்து வெட்டுண்டு போய் வேறிடத்தில் குந்தும். பழ ஈயின் பி மூலகம், மரினர், பிக்கிபாக் எல்லாம் இந்த இரண்டாவதுதான். அதற்குக் கீழே வரிசை, பெருங்குடும்பம், குடும்பம் என்று பிரிப்பு போகும். டெங்கு நுளம்பின் ஜீனோம், அதாவது முழு டிஎன்ஏத் தொகுப்பு, 2007இல் வெளிவந்தபோது அதில் ஏறத்தாழப் பாதி இந்தத் துண்டுகளே என்று தெரிந்தது. தேனீயில் மிகக் குறைவு. ஏன் இந்த வித்தியாசம் என்பது இன்னும் நல்ல ஆராய்ச்சிக் கேள்விதான்.

இதனால் யாருக்கு என்ன பயன் என்பீர்கள். பழ ஈயில் அக்கோர்ட் என்ற துண்டு ஒரு ஜீனுக்கு அருகில் செருகிக்கொண்டதால், அந்த ஜீன் கூடுதலாக வேலைசெய்து டிடிடி என்ற பூச்சிக்கொல்லிக்கு எதிர்ப்பு வந்தது. வயலில் நெல்லைத் தாக்கும் கபில நிறத் தத்திக்கு அடித்த மருந்து கேட்காமல் போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். எல்லாவற்றுக்கும் இந்தத் துண்டுகள்தான் காரணம் என்றில்லை. ஆனால் காரணத்தை ஜீன் மட்டத்தில் தேடத் தெரிந்தவர்கள் தேவை. நுளம்பு விஷயத்திலும் அப்படித்தான். இலங்கை மலேரியா அற்ற நாடென்று 2016இல் அறிவிக்கப்பட்டது. அதே வருடக் கடைசியில், இந்தியாவில் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பு மன்னாரில் அகப்பட்டது.

எனக்கு இந்தத் துறையில் பிடித்தது வேறொன்று. பூச்சிகளின் ஜீனோம் தரவுகள் இணையத்தில் இலவசம். அவற்றில் இந்தத் துண்டுகளைத் தேடித் தரும் ரிப்பீட்மொடலர், ரிப்பீட்மாஸ்கர் போன்ற மென்பொருள்களும் இலவசம். ஆனால் அவை தரும் பட்டியலை அப்படியே நம்ப முடியாது. ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் பார்த்து, முனைகளில் எதிர்த்திசையில் திரும்பி வரும் தொடர் இருக்கிறதா, செருகிய இடத்தில் சிறு துண்டு இரட்டித்திருக்கிறதா என்று ஆள் இருந்து சரிபார்க்க வேண்டும். பொறுமையுள்ள பிள்ளை ஒரு மடிக்கணினியோடு கிளிநொச்சியில் இருந்தும் இதைப் பழகலாம்.

இடறப்போவது வேறு இடத்தில். உயிரியல் பிரிவில் படித்தவளுக்கு சாதாரணதரத்தோடு கணிதம் போய்விட்டது. புள்ளிவிபரவியல், லினக்ஸ், பைதன் மூன்றையும் முதல் வருடத்திலேயே தொடங்கட்டும். விரிவுரைகள் ஆங்கிலத்தில், அதுவும் கொஞ்சக் காலம் படுத்தும். முடிந்தால் நான்கு வருடச் சிறப்புப் பட்டம்.

வேலை? "தாவும் துண்டு நிபுணர்" என்று எந்த விளம்பரமும் வராது. சுகாதாரத் துறையில் பூச்சியியல் பதவிகள், விவசாய ஆராய்ச்சி, விரிவுரையாளர், ஆசிரியர் என்றுதான் இங்கே வழி. வெற்றிடமும் குறைவு, காத்திருக்கவும் வேண்டும். பட்டத்தில் நல்ல வகுப்பு எடுத்தால் வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம். விஞ்ஞானத்தில் அதற்குப் பெரும்பாலும் மாதக் கொடுப்பனவு உண்டு, காணி விற்கத் தேவையில்லை.

பல்கலைக்கழகப் பதிவுக் கடிதத்தின் கடைசித் திகதியைப் பாருங்கள். ரியூசனுக்கு ஒதுக்கிய காசில் மடிக்கணினியை வாங்கிக் கொடுங்கள்; எட்டு ஜிபிக்குக் குறைந்த நினைவகம் வேண்டாம், பதினாறு என்றால் நல்லது.