ரத்த கல்ச்சரில் தோல் கிருமி எப்படிக் கலக்கிறது?

அப்பாவின் ரத்த கல்ச்சரில் (ரத்தத்தைப் பாட்டிலில் விட்டுக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனையில்) கிருமி இருக்கிறது என்று முதலில் சொன்னார்கள், அப்புறம் அது தோலிலிருந்து கலந்தது என்கிறார்கள், இதைத் தடுக்கவே முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். பாளையங்கோட்டையில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். கண்டிப்பாகக் குறைக்க முடியும், அதுவும் கட்டில் பக்கத்திலேயே.

ரத்தம் எடுக்கும்போதுதான் பெரும்பாலும் கலக்கிறது. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த ஸ்பிரிட்டைக் குத்தப்போகிற இடத்தில் 30 வினாடி அழுத்தித் தேய்த்து, அது தானாகக் காயும்வரை இன்னொரு 30 வினாடி கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஈரத்தோடு குத்தினால் மருந்து வேலையை முடித்திருக்காது. ஊதிக் காயவைப்பது அதைவிடத் தப்பு. வயக்காட்டிலிருந்து நேரே வந்தவர், கையில் தேங்காய் எண்ணெய் தடவிய பெரியவர் என்றால் முதலில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இவ்வளவும் செய்துவிட்டு, குத்தப்போகிற நேரத்தில் நரம்பு எங்கே என்று மறுபடி விரலால் தடவிப் பார்ப்பார்கள் பாருங்கள், அங்கேதான் எல்லாம் போச்சு. கிளவுஸ் போட்ட விரலானாலும் சரி, அது ஸ்டெரைல் (கிருமி நீக்கிய) கிளவுஸ் இல்லையென்றால் தொடவே கூடாது. நரம்பைத் துடைப்பதற்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பாட்டில் மூடியின் ரப்பரையும் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும், பிளாஸ்டிக் மூடியைக் கழற்றியதுமே அது சுத்தம் என்று நினைத்துவிடுகிறார்கள். மருந்து ஏற்ற நரம்பில் ஏற்கெனவே போட்டிருக்கும் வென்ஃப்ளான் என்ற சின்னக் குழாயிலிருந்து எடுக்கக் கூடாது. ஆன்டிபயாட்டிக் ஏறுவதற்கு முன்பே எடுப்பது நல்லது, பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி.

இரண்டு கையிலும் தனித்தனியாக எடுக்கப் போனால், "எத்தன எடத்துலம்மா குத்துவிய?" என்று வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். வலிக்கும்தான், ஆனால் அந்த இரண்டாவது குத்துதான் குழப்பத்தைத் தீர்க்கிறது. ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் மாதிரித் தோலிலேயே குடியிருக்கும் கிருமி ஒரு கை ரத்தத்தில் மட்டும் வளர்ந்தால் அநேகமாகக் கலப்புதான், இரண்டிலும் வளர்ந்தால் லேசாக விட முடியாது. ஒரு கையில் மட்டும் எடுத்திருந்தால் டாக்டர் எதை வைத்து முடிவெடுப்பார்? பயந்து வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை ஆரம்பிப்பார், ஆஸ்பத்திரியில் இருக்கும் நாளும் செலவும் கூடும், சிறுநீரகத்துக்கும் அது நல்லதில்லை.

நூறு கல்ச்சரில் கலப்பு 3க்கு மேல் போகக் கூடாது என்பது பல காலமாக இருக்கும் அளவு. கவனமாக எடுக்கும் இடங்களில் 1க்கும் கீழே வருகிறது.

அப்பா விஷயத்தில் டாக்டரிடம் இதைக் கேளுங்கள்: எத்தனை இடத்தில் ரத்தம் எடுத்தீர்கள், எத்தனையில் வளர்ந்தது, வளர்ந்த கிருமி எது? அவருக்குச் செயற்கை வால்வோ பேஸ்மேக்கரோ இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள், அப்போது தோல் கிருமியையும் சும்மா ஒதுக்க மாட்டார்கள்.