விலாங்குக் குஞ்சு அணை ஏறத் தனி வழி எதற்கு?

அணையைத் தாண்ட சால்மன் மீனுக்குக் கட்டிய மீன்படி (படிப்படியாக உயரும் நீர்த்தொட்டிகள்) இருக்கும்போது விலாங்குக்கு வேறு வழி ஏன் என்று கேட்டிருந்தீர்கள். விலாங்கு தாவாது. படித்தொட்டிகளில் பாயும் வேகமான நீரை எதிர்த்து நீந்த, விரல் நீளக் குஞ்சுக்குத் தெம்பும் கிடையாது. ஆனால் ஈரமான, சொரசொரப்பான பரப்பு கிடைத்தால் உடம்பை வளைத்து வளைத்து ஊர்ந்தே ஏறிவிடும். இந்தக் குணத்தை நம்பித்தான் மொத்த வடிவமைப்பும்.

சாய்வான ஒரு பாதை, அதன் தரையில் பிரஷ் போல நைலான் முடிக்கொத்துகள், மேலிருந்து மெல்ல வழியும் நீர். கொத்துகளின் இடைவெளி சிறு குஞ்சுக்குச் சுமார் 14 மி.மீ., வளர்ந்தவற்றுக்கு 21 மி.மீ. பெரும்பாலும் இரவில்தான் ஏறும். மேலே மூடி போட்டால் பறவைத் தொல்லை இல்லை.

கோட்டை விடுவது இரு முனைகளிலும்தான். கீழ்முனை குஞ்சுகள் கூடும் கரையோரம் அமைய வேண்டும். அங்கே கூடுதலாக நீர் விழவிட்டால் தேடி வரும். மேல்முனை, மின்சாரம் எடுக்கும் டர்பைனுக்குள் நீர் நுழையும் வாய்க்கு அருகில் இருந்தால், சரி, ஏறியதெல்லாம் வீண். நீரோடு கீழே இழுக்கப்படும்.

கனடா-அமெரிக்க எல்லையில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் மோசஸ்-சாண்டர்ஸ் அணையில், கனடா பக்கம், 1974-லேயே இப்படி விலாங்கு ஏறும் பாதை, அதாவது விலாங்கு ஏணி, வந்துவிட்டது. 1980-களின் தொடக்கத்தில் ஆண்டுக்குப் பத்து லட்சம் வரை ஏறியவை, 1990-களின் இறுதியில் சில ஆயிரமாகச் சுருங்கின. ஏணியில் கோளாறு இல்லை. வந்து சேர்வதே குறைந்துவிட்டது.

அப்புறம், முட்டையிட அட்லாண்டிக்கின் சர்காசோ கடலுக்குத் திரும்பும் பெரிய விலாங்குகளுக்கு இந்த ஏணி உதவாது. அவற்றுக்கு டர்பைன் முன் நெருக்கமான கம்பித் தடுப்பும், இறங்கத் தனி வழியும் வேண்டும்.